மைக் கையில இருக்கு, பூட்டு வாயில இருக்கு: எஃப்.எம். தொகுப்பாளர் அரசியல் பேசினா என்ன குத்தம்?

"பாட்டு போடுறது உன் வேலை. அரசியல் உனக்கு எதுக்கு?"

ஒரு எஃப்.எம். ஆர்.ஜே. கொஞ்சம் வாய் திறந்தாலே கமெண்ட்டுல முதல்ல வந்து விழுற வரி இதுதான். இது புது வரி இல்லைங்க. மாணவன் தெருவுக்கு வந்தப்ப "படிக்கிற வயசுல அரசியல் எதுக்கு"ன்னாங்க. பெண்கள் பேசினப்ப "அடுப்படியை விட்டுட்டு அரசியல் எதுக்கு"ன்னாங்க. ஐ.டி. ஊழியர் சங்கம் வைக்கணும்னு சொன்னப்ப "கை நிறைய சம்பளம் வாங்கிட்டு அரசியல் எதுக்கு"ன்னாங்க. ஆள் மாறுறாங்க, வரி மட்டும் மாறவே இல்ல.

நேரா விஷயத்துக்கு வருவோம். பாட்டு போடுற தொகுப்பாளர் தன் அரசியல் கருத்தை மைக்கில் சொல்லலாமா? சொல்லலாம். சொல்ல விடணும். அதுக்கு ஒழுங்கு வேணும், வரம்பு வேணும், பதில் சொல்ற உரிமை எதிர்த்தரப்புக்கும் வேணும். ஆனா வாய்ப்பூட்டு வேணாம். ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான், முழுசா படிங்க.

1. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமா செய்தி சொல்லவே அனுமதி கிடையாது. 2011-ல் ஒன்றிய அரசு கொண்டு வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கைப்படி, செய்தி வேணும்னா அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே ஒலிபரப்பிக்கலாம். அவ்வளவுதான்.

அதுக்கு வெளியே "தகவல்"னு சிலதை அனுமதிச்சிருக்காங்க. போக்குவரத்து நெரிசல், வானிலை, விளையாட்டு, கலை நிகழ்ச்சி, திருவிழா, தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம் குடிநீர் பற்றிய பொது அறிவிப்பு, இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை. இது மேல இருக்கிற பட்டியல்.

இப்போ இதை நம்ம ஊரு நிலவரத்துல வச்சுப் பாருங்க.

நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்னைக்குன்னு ஆர்.ஜே. சொல்லலாம். அது தேர்வுத் தகவல். 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேத்தின நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினாரு, 2022 பிப்ரவரி 8-ல் அதே சட்டமன்றம் மறுபடி நிறைவேத்தி அனுப்புச்சு. இது நியாயமான்னு அதே ஆர்.ஜே. கேட்டா? அது நடப்பு அரசியல். கூடாது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கோங்க. எந்தச் சாலையில தண்ணி நிக்குது, எந்தப் பாலம் மூடியிருக்குன்னு சொல்லலாம். அது பேரிடர்த் தகவல். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி தண்ணியைத் திறந்து விட்டது யார் முடிவு, ஏன் அந்த நேரத்துல? அதைக் கேட்கக் கூடாது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கையே அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கின பேரிடர்னு சொல்லியிருக்கு. அரசாங்கத்தோட கணக்கை அரசாங்கத்தோட தணிக்கைத் துறை கேட்ட கேள்வி அது. அதை மைக்கில் எடுத்துப் பேச மட்டும் ஒரு தொகுப்பாளருக்கு உரிமை இல்ல.

தண்ணி வந்துச்சுன்னு சொல்லலாம், தண்ணி ஏன் வந்துச்சுன்னு கேட்கக் கூடாது. இந்த விதியோட சாரம் இவ்வளவுதான்.

இது போதாதுன்னு, தனியார் எஃப்.எம். எல்லாம் அகில இந்திய வானொலியோட நிகழ்ச்சி விதிமுறையையும் பின்பற்றணும். ஒன்றிய அரசையோ மாநில அரசையோ கடுமையா விமர்சிக்கக் கூடாது, ஒரு கட்சியைப் பேர் சொல்லித் தாக்கக் கூடாதுன்னெல்லாம் அதுல இருக்கு. விமர்சனம் எந்த இடத்துல "கடுமை" ஆகுதுன்னு யார் முடிவு பண்ணுவா? விமர்சிக்கப்படுற அரசேதான்.

2. அப்போ வானொலியில் அரசியலே இல்லையா?

இருக்கே! தாராளமா இருக்கு.

பாட்டுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் அரசு தொடங்கின விவித பாரதியோட பிறந்த நாள் 1957 அக்டோபர் 3. அதே அக்டோபர் 3-ல், 2014-ம் வருஷம், பிரதமரோட "மன் கி பாத்" வானொலியில் ஆரம்பிச்சுது. 2023 ஏப்ரல் 30-ல் நூறாவது பகுதியும் வந்தாச்சு. "மனதின் குரல்"னு தமிழ்லயும் வருது. மனசுல இருக்கறதை வானொலியில் பேசறது தப்புன்னு நாங்க சொல்லல. ஆனா நாட்டுல ஒரே ஒருத்தர் மனசுக்கு மட்டும்தான் அலைவரிசை உண்டா? அந்தப் பேச்சுல கட்சி அரசியல் இல்லன்னு பதில் வரும். சரி, அப்போ தேர்தல் நேரத்துல, 2024 பிப்ரவரி முடிஞ்சதும், அதை ஏன் நிறுத்தி வச்சு, முடிவு வந்த பிறகு ஜூன் 30-ல் மறுபடி தொடங்கினாங்க? அந்தக் குரலுக்கு அரசியல் எடை உண்டுன்னு அவங்களுக்கே தெரியும்.

அடுத்தது விளம்பரம். தேர்தல் நேரத்துல எஃப்.எம். திருப்பினா ரெண்டு பாட்டுக்கு நடுவுல எத்தனை கட்சி விளம்பரம்? எல்லாக் கட்சியும்தான் குடுக்குது. தேர்தல் ஆணையத்தோட ஊடகச் சான்றளிப்புக் குழுகிட்ட முன்கூட்டியே சான்று வாங்கிட்டா போதும். அரசு விளம்பரம் வருஷம் முழுக்க ஓடுது.

அப்போ கணக்கு என்ன ஆகுது? காசு குடுத்து எழுதி வாங்கின அரசியல் பேசலாம். காசு வாங்காம மனசுல பட்ட அரசியல் பேசக் கூடாது. பத்து செகண்டுக்கு இவ்வளவுன்னு விலை போட்டா அது வணிகம். சும்மா சொன்னா அது விதிமீறல். இதுக்குப் பேர் நடுநிலையா?

3. காற்றலை யார் சொத்து?

இதுக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியாச்சு. 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்கம் வழக்குல, காற்றலைகள் பொதுச் சொத்துன்னு தீர்ப்பு. அது அரசோட தனிச் சொத்தும் இல்ல, முதலாளியோட தனிச் சொத்தும் இல்ல. மக்கள் சொத்து. பலதரப்பட்ட கருத்துகளைக் கேட்கிற உரிமையும் பேச்சுரிமைக்குள்ளதான் வருதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது.

தனியார் எஃப்.எம்.முக்கு செய்தித் தடை ஏன்னு 2013-ல் பொதுநல வழக்கு போட்டாங்க. 2017-ல் உச்ச நீதிமன்றமும் ஒன்றிய அரசுகிட்ட விளக்கம் கேட்டுச்சு. அரசுத் தரப்புல திரும்பத் திரும்ப வர்ற காரணம் பாதுகாப்பு, கண்காணிக்க வசதி இல்லைங்கறது.

இசிஇ படிச்சவன்கிற முறையில இதுக்கு மட்டும் கொஞ்சம் விரிவா பதில் சொல்லணும். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது. கோபுரத்துல இருந்து அம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டினா கரகரன்னு ஆயிடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிமம் இருக்கு, முகவரி இருக்கு, கோபுரம் எங்க நிக்குதுன்னு அரசுக்குத் தெரியும், அலைவரிசை எண் தெரியும், பேசினவர் பேரை அவரே மைக்கில் சொல்லித்தான் நிகழ்ச்சியை ஆரம்பிக்கிறார். ஒரு சாதாரண கம்ப்யூட்டரை வச்சு ஒரு நகரத்தோட எல்லா எஃப்.எம்.மையும் 24 மணி நேரமும் பதிவு பண்ணலாம். இறுதியாண்டு புராஜெக்ட்டா குடுத்தாக்கூட பசங்க முடிச்சுக் குடுத்துடுவாங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. செயற்கைக்கோள் தொலைக்காட்சி நாடு முழுக்கத் தெரியும், அதுல 24 மணி நேரமும் விவாதம் பண்ணலாம். யூடியூப்ல எவனோ முகம் காட்டாம குரல் மட்டும் குடுத்துப் பேசலாம். வாட்ஸ்அப்ல யார் ஆரம்பிச்சான்னே தெரியாத வதந்தி ஊர் ஊரா ஓடலாம். கண்காணிக்க ரொம்ப சுலபமான ஊடகத்துக்குத்தான் "கண்காணிக்க முடியாது"ன்னு தடை! இது தொழில்நுட்பக் காரணம் இல்லைங்க. எஃப்.எம். கேட்கிறது யாருன்னு யோசிங்க. ஆட்டோ ஓட்டுறவர், டீக்கடை, தையல் கடை, சமையல்கட்டு, ராத்திரி வாட்ச்மேன், பெயிண்ட் அடிக்கிறவர். டேட்டா தீர்ந்தாலும் கேட்குற ஊடகம் இது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேர்ற ஊடகம் இது. பயம் அங்கதான் இருக்கு.

4. பாட்டுக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லையாம்!

"பாட்டு கேட்க வந்தேன், நிம்மதியா கேட்க விடுங்க"ன்னு சொல்ற நேயர் மேல எங்களுக்குக் கோபம் இல்ல. நாள் பூரா உழைச்சிட்டு வர்றவருக்கு அந்த நிம்மதி உரிமை. ஆனா பாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டு வந்தது தொகுப்பாளர் இல்ல, அரசாங்கம்.

1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரா வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைஞ்சதுன்னு முடிவு பண்ணினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமலே போச்சு. மக்கள் என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடிச்சாங்க. நம்ம தாத்தா பாட்டி தலைமுறைக்கு இலங்கை வானொலி மேல இருந்த பாசத்துக்கு டெல்லியோட அந்தத் தடையும் ஒரு காரணம். அதைச் சமாளிக்கத்தான் 1957-ல் விவித பாரதியே வந்துச்சு.

1976-ல் நெருக்கடி நிலை. காங்கிரஸ் ஆட்சி நடத்துற நிகழ்ச்சியில் பாட மாட்டேன்னு கிஷோர் குமார் மறுத்தார். மே 4-ல் இருந்து அவர் பாட்டு வானொலியிலயும் தூர்தர்ஷன்லயும் நின்னு போச்சு. அவர் அரசியல் பேசக்கூட இல்லைங்க. பாட மறுத்தார், அவ்வளவுதான். அதுக்கே அந்தத் தண்டனை.

"கலைஞன் அரசியலை விட்டுத் தள்ளி நிக்கணும்"னு சொல்றவங்க இதையும் கவனிங்க. அவன் தள்ளி நின்னாலும் அதிகாரம் அவனை விடாது.

இன்னொண்ணு. காலையில் ஸ்டுடியோவில் வாய் மூடி இருக்கிற அதே ஆர்.ஜே. சாயங்காலம் தன் இன்ஸ்டா பக்கத்துல அரசியல் பேசலாம். பார்க்கிறவங்களும் பெரும்பாலும் அதே நேயர்கள்தான். அங்க பேசினா ஜனநாயகம், இங்க பேசினா குற்றமா? அன்னைக்கு மக்கள் இலங்கை வானொலிக்குப் போனாங்க. இன்னைக்கு யூடியூபுக்குப் போறாங்க. தடை போட்டவன் கையில கடைசியா மிஞ்சுறது காலி அலைவரிசைதான்.

5. ருவாண்டாவை மறந்துட்டீங்களா?

மறக்கல. எதிர்த்தரப்போட வலுவான கேள்வி இதுதான், அதனால இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

1993 ஜூலையில் ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம்.னு ஒரு வானொலி தொடங்குச்சு. துள்ளலான பாட்டு, ஜோக் அடிக்கிற தொகுப்பாளர்கள், தெருப் பேச்சு. இளைஞர்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1994 இனப்படுகொலையில் அதே குரல்கள்தான் துட்சி மக்களைக் "கரப்பான் பூச்சி"ன்னு சொல்லிக் கொல்லச் சொல்லித் தூண்டுச்சு. லட்சக்கணக்கான உயிர் போச்சு. அந்த நிலையத்துத் தொகுப்பாளர் ஒருத்தர் குற்றத்தை ஒப்புக்கிட்டு 2000-ல் 12 வருஷ தண்டனை வாங்கினார். நிலையத்தை நிறுவினவங்களை 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் குற்றவாளின்னு சொல்லுச்சு.

பாட்டோட பழகின குரல் சொன்னா மனசு சுலபமா நம்பும். அது உண்மை. அதனாலதான் வரம்பு வேணும்னு நாங்களும் சொல்றோம்.

ஆனா அந்த நிலையம் யாரோடது? ஆட்சிக்கு நெருக்கமான தீவிரவாதக் கும்பலோடது. சுதந்திரமா கருத்து சொன்ன நாலு தொகுப்பாளர்களால அங்க அழிவு வரல. வானொலியில் எதிர்க்குரலே இல்லாம போனப்ப, அதிகாரத்தோட குரல் மட்டும் மிஞ்சினப்ப வந்துச்சு. அப்போ பாடம் என்ன? குரல்களைக் குறைக்கிறது ஆபத்து, கூட்டுறதுதான் பாதுகாப்பு. வெறுப்பைத் தூண்டினா தண்டிக்க நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 196 அதுக்குத்தான். "விலைவாசி ஏறிப் போச்சு, இந்த அரசு என்ன பண்ணுது"ன்னு கேட்கிறதையும், ஒரு சமூகத்தைக் கொல்லச் சொல்றதையும் ஒரே தராசுல வைக்கிறவங்களுக்கு ருவாண்டா மேல அக்கறை இல்ல. அவங்களுக்கு முதல் கேள்வி மேலதான் பயம்.

6. முதலாளி குரலா, தொகுப்பாளர் குரலா?

இதுதான் எங்களுக்கே உறுத்துற கேள்வி. நாளைக்கே தடை நீங்கினா, ஆர்.ஜே. தன் கருத்தைச் சொல்வாரா, இல்ல முதலாளி எழுதிக் குடுத்ததைப் படிப்பாரா? எஃப்.எம். நிலையங்கள் பெரிய நிறுவனங்கள் கையில இருக்கு. அவங்களுக்கு அரசு விளம்பரம் வேணும், வேற தொழில்களும் இருக்கு.

அமெரிக்காவைப் பாருங்க. சர்ச்சைக்குரிய விஷயத்துல ரெண்டு பக்கத்துக்கும் இடம் குடுக்கணும்னு 1949-ல் இருந்து அங்க ஒரு விதி இருந்துச்சு. 1987-ல் அதை எடுத்துட்டாங்க. அடுத்த வருஷமே ரஷ் லிம்பாவோட நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பிச்சு, ஒரு பக்கத்துப் பேச்சே ஒரு பெரிய தொழிலா வளர்ந்துச்சு. 2003-ல் ஈராக் போருக்கு முன்னாடி டிக்ஸி சிக்ஸ் குழுவோட பாடகி லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷை விமர்சிச்சார். உடனே கியூமுலஸ் நிறுவனம் தன் நாட்டுப்புற இசை நிலையங்கள்ல இருந்து அவங்க பாட்டை ஒரு மாசத்துக்கு எடுத்துட்டுது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துல ஒரு நிலையத்துல அவங்க பாட்டைப் போட்டதுக்காகவே ரெண்டு தொகுப்பாளர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அரசு தடை போடல. முதலாளி போட்டார்.

ஆக, தடையை எடுத்தா மட்டும் போதாது. தொகுப்பாளரைக் காப்பாத்துற விதியும் சேர்ந்தே வரணும்.

7. நாம கேட்கிறது என்ன?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2023 செப்டம்பர்லயே பரிந்துரை குடுத்தாச்சு: தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிஷம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்பலாம்னு. கேட்டது வேற யாரும் இல்ல, அரசு அமைச்ச ஆணையம். பாட்டு கேட்க வந்தவருக்கு மீதி 50 நிமிஷம் இருக்கு. ஒன்றிய அரசு இதை நடைமுறைக்குக் கொண்டு வரணும். கூடவே இந்த அஞ்சு விதியும் வேணும்.

ஒண்ணு: "இது என் சொந்தக் கருத்து"ன்னு தொகுப்பாளர் முன்னாடியே அறிவிக்கணும். ஜோக்குக்கு நடுவுல நைசா நுழைக்கக் கூடாது.

ரெண்டு: காசு வாங்கிட்டுக் கருத்து மாதிரி பேசினா கடும் அபராதம். விளம்பரம்னா விளம்பரம்னே சொல்லணும்.

மூணு: விமர்சிக்கப்பட்டவருக்கும், மாற்றுக் கருத்து உள்ள நேயருக்கும் அதே நிகழ்ச்சியில் பதில் சொல்ல நேரம். தகவல் தப்பா இருந்தா அதே மைக்கில் திருத்தம்.

நாலு: கருத்து சொன்னதுக்காகத் தொகுப்பாளரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. கருத்தே சொல்ல விரும்பாதவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. மௌனமும் உரிமைதான். கிஷோர் குமார் கேட்டதும் அதைத்தான்.

அஞ்சு: வாக்குப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரம் நமக்கு எப்படிப் பிரசாரம் இல்லையோ, அப்படியே மைக்குக்கும் கட்சி ஆதரவுப் பேச்சு இல்ல.

8. நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிச்சிட்டுக் கை தட்டுற நம்ம தோழர்கள் இதையும் கேட்டுக்கோங்க. பேசுற உரிமைன்னா நமக்குச் சாதகமா பேசுற உரிமை மட்டும் இல்ல. நாளைக்கு ஒரு ஆர்.ஜே. மைக்கைப் பிடிச்சு நம்ம கட்சியையே கிழிக்கலாம். நம்ம தலைவரைக் கிண்டல் பண்ணலாம். நம்ம வார்டு கவுன்சிலர் ரோடு போடலன்னு பேர் சொல்லிக் கேட்கலாம். கேட்கட்டும்! அந்த ரோட்டைப் போட்டுட்டு போட்டோ அனுப்புங்க, அதுதான் பதில். பேசினது தப்புன்னா ஆதாரத்தோட எழுதுங்க, நிகழ்ச்சிக்கு போன் போட்டுப் பேசுங்க.

கூட்டமா போய் அவங்க பக்கத்துல கெட்ட வார்த்தை எழுதுறது, பெண் தொகுப்பாளர்னா குடும்பத்தை இழுக்கிறது, விளம்பரம் குடுக்கிற கடைக்காரரை மிரட்டுறது, இது எதுவும் இந்தப் பக்கத்தோட பேரால நடக்கக் கூடாது. டெல்லி போட்ட பூட்டைத் திறக்கச் சொல்லிட்டு, நாம வாசல்ல கல்லோட நின்னா அந்தக் கோரிக்கைக்கு என்ன மரியாதை?

நம்ம மாநிலத்துல எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், நாமளே இருந்தாலும், விமர்சிச்ச நிலையத்துக்கு அரசு விளம்பரத்தை நிறுத்துறதும் வாய்ப்பூட்டுதான். அதையும் எதிர்ப்போம்னு இங்கேயே எழுதி வைக்கிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

விடியக்காலையில் சவாரிக்குக் கிளம்புற ஆட்டோக்காரர் கேட்கிற முதல் குரல் ஒரு ஆர்.ஜே.வோடது. பெட்ரோல் விலை இன்னைக்கு எவ்வளவுன்னு அவருக்கு பங்க்ல தெரிஞ்சிடும். ஏன் இவ்வளவுன்னு வாய்விட்டுக் கேட்க அவர் பக்கத்துல ஒரு குரல் வேணும். அதைத்தான் கேட்கிறோம்.

உங்க கருத்தைக் கமெண்ட்டுல சொல்லுங்க. மறுத்தாலும் சொல்லுங்க, பதில் தருவோம். சரின்னு பட்டா பகிருங்க.

#காற்றலை_மக்கள்_சொத்து
#வாய்ப்பூட்டு_வேண்டாம்

- தகவல் தொழில்நுட்ப அணி